பெற்றோல் வரிசையிலிருந்து கடன் நிறுத்தம் வரை: இலங்கை நெருக்கடியை அறிகுறி பிடித்துப் பிரிக்கும் வழிமுறை

2022-இல் இலங்கை ஏன் விழுந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வரிக் குறைப்பு, உரத் தடை, கொரோனா, ஈஸ்டர் குண்டுவெடிப்பு, சீனக் கடன். எதுவும் பொய்யில்லை. ஆனால் எது எதை இழுத்துவந்தது என்று தெரியாமல் பட்டியலாக மட்டும் வாசித்தால், அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகளில் எது பழுதைத் திருத்தியது, எது கூட்டியது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இங்கே பின்னாலிருந்து முன்னுக்குப் போகிறோம். வீதியில் கண்ணுக்குத் தெரிந்த அறிகுறியை எடுத்து, அதன் வேர் வரை இறங்கி, செய்த வைத்தியத்தைச் சோதிக்கிறோம்.

தொடங்குமுன்: ஒரு கேள்வி, மூன்று அளவீடுகள்

எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இங்கே இல்லாமல் போனது ரூபாவா, டொலரா? சம்பளம், ஓய்வூதியம், உள்நாட்டுக் கடனுக்கு வட்டி எல்லாம் ரூபாவில் போகின்றன. எரிபொருள், மருந்து, பால்மா, நிலக்கரி, வெளிநாட்டுக் கடன் எல்லாம் டொலரில் போகின்றன. ரூபா போதாவிட்டால் மத்திய வங்கி அச்சடித்துக் கொஞ்சக் காலம் தள்ளலாம். டொலரில் அந்த வசதி இல்லை. இலங்கையில் பழுது தொடங்கியது ரூபாப் பக்கம், வெடித்தது டொலர்ப் பக்கம். இரண்டு வருடம் பிழையான இடத்தில் கைவைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

அளவீடுகள் மூன்று. முதலாவது, வெளிநாட்டு ஒதுக்கு, அதாவது மத்திய வங்கியின் கையிருப்பில் உள்ள வெளிநாட்டுப் பணம். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர், 2021 முடிவில் 3.1 பில்லியன், 2022 மார்ச்சில் ஏறத்தாழ 1.9 பில்லியன். இந்தக் கடைசி எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அதில் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட 10 பில்லியன் யுவான் நாணயப் பரிமாற்றம். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. தேவைப்படும் நேரத்தில் தொட முடியாத பணம் அது. செலவழிக்கக்கூடியது 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் அலி சப்ரி 2022 மே தொடக்கத்தில் பாராளுமன்றத்தில் சொன்னார். எனவே ஒதுக்கைப் பார்க்கும்போது மொத்தத் தொகையை விட்டுவிட்டு, பாவிக்கக்கூடிய தொகையைத் தேடுங்கள்.

இரண்டாவது, மத்திய வங்கியின் கையில் இருக்கும் திறைசேரி உண்டியல்களின், அதாவது அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்களின், அளவு. மூன்றாவது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரச வருமானம் எத்தனை சதவீதம் என்பது. இந்த இரண்டும் விலைவாசிப் பகுதியில் வரும்.

அறிகுறி 1: பெற்றோல் நிலையத்தில் கிலோமீற்றர் கணக்கில் வரிசை

முதற் சோதனை: கப்பல் வந்ததா? 2022-இன் முதல் பாதியில் எண்ணெய்க் கப்பலும் எரிவாயுக் கப்பலும் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றன. பணம் கட்டாததால் இறக்கவில்லை. ஆகவே கோளாறு விநியோகத்தில் இல்லை, கொடுப்பனவில்.

இரண்டாவது சோதனை: எல்சி. இறக்குமதியாளர் வங்கியில் எல்சி, அதாவது நாணயக் கடிதம், திறக்கிறார். பொருள் ஏற்றிய ஆவணங்கள் சரியாக வந்தால் டொலர் தருவோம் என்று அவருடைய வங்கி, விற்பவரின் வங்கிக்கு வாக்குக் கொடுக்கிறது. நாட்டின் கடன் தரம் அடிமட்டத்துக்குப் போனதும் அந்த வாக்கின் மதிப்பும் போயிற்று. வெளிநாட்டு வங்கி இன்னொரு பெரிய வங்கியின் உறுதியைக் கேட்கும், இல்லையேல் முற்பணம் கேட்கும். மருந்தும் பால்மாவும் சிக்கியது இதே இடத்தில்தான்.

மூன்றாவது சோதனை: விலை. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 470. இடையில் இருந்த மாதங்களில் அடக்கவிலைக்குக் கீழே விற்றார்கள். அடக்கவிலைக்குக் கீழே விற்றால் இரண்டு கேடு: அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஒவ்வொரு லீற்றருக்கும் நட்டப்படுகிறது, வாங்குபவர் தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்குகிறார். கான் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் கள்ளச்சந்தைக்காரர் அல்லர். நாளை கிடைக்காது என்ற பயமே பாதி வரிசையை உண்டாக்கியது.

பலிக்காத வைத்தியம்: ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்து ஜூலை 10 வரை மற்றவர்களுக்கு நிறுத்தினார்கள். வரிசை குறையவில்லை. நிறுத்திவைத்த வாகனங்களே வரிசையானது.

பலித்த வைத்தியத்துக்கு இரண்டு பாகம். ஒன்று, விலையை அடக்கவிலைக்குக் கொண்டுவந்து, மாதாமாதம் சூத்திரப்படி மாற்றுவது. மற்றது, ஜூலை இறுதியில் வந்த கியூஆர் அட்டை. வாகனப் பதிவு இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் அடையாள அட்டையோடு பிணைத்து வாராந்தப் பங்கீடு: மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நிலையத்தில் தொலைபேசியால் கியூஆரைத் தட்டியதும் மீதி அளவு தெரியும். ஒரே வாகனம் நாலு நிலையத்தில் நிரப்ப முடியாது. பங்கு நிச்சயம் என்று தெரிந்ததும் இரவு படுக்கை போட்டுக் காத்திருக்கும் அவசியம் போயிற்று. டொலர் நிலை தேறியதும் 2023 செப்டெம்பர் 1-இல் முறை எடுக்கப்பட்டது.

கவனிக்க: கியூஆர் வரிசையைத்தான் தீர்த்தது, தட்டுப்பாட்டை அல்ல. விலையை உயர்த்தாமல் கியூஆரை மட்டும் வைத்திருந்தால் கூட்டுத்தாபனத்தின் நட்டம் தொடர்ந்திருக்கும், அடுத்த கப்பலுக்கு மறுபடியும் கையேந்த வேண்டியிருக்கும். ஐந்து லீற்றரோடு ஒரு வாரம் ஓட்டோ ஓட்டிப் பிழைக்க முடியாது என்பதும் உண்மை. பங்கீடு எல்லாருக்கும் சமம் என்றால், வாகனமே வருமானமாக உள்ளவருக்குத்தான் அடி அதிகம். மண்ணெண்ணெய் இதைவிட மோசம்: 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340. வடக்கில் வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருந்த கடற்றொழிலாளர் பலர் அந்த நாட்களில் கடலுக்குப் போகாமல் இருந்ததற்கு இதுதான் கணக்கு.

அறிகுறி 2: பலகையில் 203 ரூபா, வங்கியில் டொலர் இல்லை

2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை டொலரை ஏறத்தாழ 200 முதல் 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே விலை அதைவிட எவ்வளவோ கூட. இரண்டு விலை இருக்கும் சந்தையில் டொலர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரொறன்ரோவில் வேலை செய்பவர் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு 500 டொலர் அனுப்புகிறார் என்று வையுங்கள். வங்கி வழியே போனால் 203-படி கணக்கில் ஏறும். உண்டியல்காரரிடம், அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றிவிடுபவரிடம், கொடுத்தால் அங்கேயே டொலரை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஒரு பொடியன் வீட்டு வாசலில் வந்து கூடிய வீதத்தில் ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த 500 டொலர் நாட்டுக்குள் வரவே இல்லை. அது வெளிநாட்டில் இருந்தபடியே இறக்குமதியாளர் ஒருவரின் பற்றுச்சீட்டைத் தீர்க்கும். அம்மாவுக்குப் பணம் வந்தது, மத்திய வங்கிக்கு டொலர் வரவில்லை. வங்கி வழியான பணவனுப்பல் 2020-இல் 7.1 பில்லியன் டொலர், 2021-இல் 5.5 பில்லியன், 2022-இல் 3.8 பில்லியன். ஆட்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை, வழியை மாற்றினார்கள். இதைத் தேசத்துரோகம் என்று மேடையில் பேசியவர்கள் இருந்தார்கள். பலகையில் பொய் விலையை எழுதியவர்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பலிக்காத வைத்தியங்கள் வரிசையாக வந்தன. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதித் தடை. 2021 செப்டெம்பரில் 623 வகைப் பொருட்களுக்கு நூறு சதவீதப் பணவைப்பு இருந்தால்தான் எல்சி. டிசம்பரில் வங்கி வழியாக அனுப்பும் டொலருக்கு 10 ரூபா மேலதிகம். விலை இடைவெளி பத்து ரூபாவைவிடப் பல மடங்கு இருக்கும்போது அந்த ஊக்கத்தொகைக்கு யார் மசிவார்?

சரியான மருந்து, பிழையான வேளை: 2022 மார்ச் 7-இல் ரூபாவை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் விலையைச் சந்தையின் கையில் விட்டார்கள். விடத்தான் வேண்டும். ஆனால் மிதக்கவிடுமுன் இரண்டு ஆயத்தம் வேண்டும்: சந்தையை ஆற்ற கையில் கொஞ்சம் டொலர், ரூபாவை வைத்திருப்பது இலாபம் என்று தோன்றும் அளவுக்கு வட்டி. முதலாவது தீர்ந்துபோயிருந்தது. இரண்டாவதைச் செய்யவில்லை. அன்று மத்திய வங்கியின் கடன்வழங்கல் வீதம் 7.5 சதவீதம், பணவீக்கம் 15 சதவீதத்துக்கு மேல். ரூபாவை வங்கியில் போடுவது நட்டம், டொலரை ஒளித்து வைப்பது இலாபம். மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது.

ஏப்ரல் 8-இல், மத்திய வங்கியின் புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்ற கையோடு, வைப்பு வீதம் 13.5, கடன்வழங்கல் வீதம் 14.5 என்று ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தினார். அதன் பின் மே நடுப்பகுதியிலிருந்து நாளாந்த வழிகாட்டல் வீதம் வைத்து 360-களில் நிறுத்த முடிந்தது. 2023 மார்ச்சுக்குப் பிறகு ரூபாவின் மதிப்பு ஏறத் தொடங்கியது. அந்த ஆண்டுப் பணவனுப்பல் ஏறத்தாழ 6 பில்லியன். உண்டியலை ஒழித்தது பொலிஸ் அல்ல, ஒரே விலை.

அறிகுறி 3: மாதாமாதம் விலை தாவுகிறது

இதுதான் வேர் இருக்கும் இடம், ஆகவே ஆறுதலாகப் பாருங்கள்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 ஜனவரியில் 14.2 சதவீதம், ஏப்ரலில் 29.8, ஜூனில் 54.6, செப்டெம்பரில் 69.8. அந்தச் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9. ரூபா விழுந்ததால் இறக்குமதிப் பொருள் ஏறியது என்பது பாதி விளக்கம். ரூபா ஏன் விழுந்தது என்று கேட்டால் மீதிப் பாதி வரும்.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி, ஊர் வழக்கில் வற், 15 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கியது. வீதத்தைக் குறைத்ததைவிடப் பெரிய அடி பதிவு எல்லையில் விழுந்தது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா வியாபாரம் செய்தவர் வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்ததை 300 மில்லியன் ஆக்கினார்கள். கடைத்தெரு முழுக்க வரி வலையிலிருந்து வெளியே வந்துவிட்டது. இரண்டு சதவீதத் தேசக் கட்டுமான வரி போயிற்று. சம்பளத்தில் பிடிக்கும் ‘உழைக்கும்போது செலுத்தும் வரி’ போயிற்று. வீதத்தை ஒரு கையெழுத்தில் திரும்ப ஏற்றலாம். கலைந்த பதிவேட்டைத் திரும்பக் கட்ட வருடங்கள் பிடிக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

அரச வருமானம் 2019-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12.6 சதவீதம். அதுவே உலகக் கணக்கில் மிகக் குறைவு. 2021-இல் அது 8.3. வரிக் குறைப்பு வந்து நாலு மாதத்தில் கொரோனாவும் வந்தது. 2018-இல் 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021-இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. கொரோனா எல்லா நாட்டுக்கும் வந்ததே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் பிரேக்கைக் கழற்றிவிட்டு மலையிறங்கியவர்கள் எல்லாரும் அல்லர்.

இப்போது இந்த வருமானப் பள்ளத்தை எப்படி மூடினார்கள் என்று பாருங்கள். திறைசேரி உண்டியல் ஏலம் புதன்கிழமைகளில் நடக்கும். எந்த வட்டிக்குக் கடன் கொடுப்போம் என்று வங்கிகள் கேட்கும். மத்திய வங்கி உச்ச வட்டி ஒன்றை நிர்ணயித்து அதற்கு மேல் ஏற்கமாட்டோம் என்றது. அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகளுக்கு மனமில்லை, ஏலம் பாதிகூட நிரம்பாது. விற்காத மிச்சத்தை மத்திய வங்கியே எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் கணக்கில் ரூபாவை எழுதிவிடும். பணம் அச்சடிப்பு என்று சொல்வது இதைத்தான். 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த திறைசேரி உண்டியல் சுமார் 75 பில்லியன் ரூபா, 2022 முடிவில் 2,500 பில்லியனுக்கு மேல்.

அச்சடித்த உடனே விலை ஏன் ஏறவில்லை? 2020-இல் முடக்கத்தால் ஆட்கள் செலவழிக்கவில்லை. பிறகு அரிசி, சீனி, பால்மா, எரிவாயு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாட்டு விலை. டொலருக்கும் கட்டுப்பாட்டு விலை. அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது, மானி மட்டும் அசையவில்லை. அச்சடித்தால் விலை ஏறாது என்று அந்த இரண்டு வருடத்தையும் சாட்சி காட்டியவர்கள் அதிகாரத்தில் இருந்தார்கள். 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலைகளைக் கைவிடத் தொடங்கியதும் முதலில் எரிவாயு ஏறியது: 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,675, அடுத்த ஏப்ரலில் 4,860.

சரிசெய்த ஒழுங்கு:

1. வட்டி. ஏப்ரல் 2022-இன் ஏழு புள்ளி, ஜூலையில் இன்னொன்று, 2023 மார்ச்சில் இன்னொன்று. ஏலத்தின் வட்டியும் கட்டுப்பாடின்றி விடப்பட்டதால் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போயிற்று.
2. வரி. வற் 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. பதிவு எல்லை 80 மில்லியன், பிறகு 60 மில்லியன். 2023 ஜனவரியில், மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சம்பளம் எடுத்தவருக்கு 6 முதல் 36 சதவீதம் வரை வருமான வரி வந்தது.
3. பூட்டு. 2023-இன் 16-ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம், ஏலத்தின் மிச்சத்தை மத்திய வங்கி வாங்குவதைத் தடைசெய்தது.

ஒழுங்கை மாற்றினால் என்ன? வரியை முதலில் ஏற்றிவிட்டு வட்டியைத் தாழ்வாக வைத்திருந்தால், வரி வந்து சேரும் வரை உள்ள பல மாதங்களில் ரூபாவிலிருந்து ஓட்டம் தொடர்ந்திருக்கும். வட்டி அதே வாரத்தில் வேலை செய்யும், வரி மெதுவாக. ஆனால் வட்டியின் விலை பெரிது. கடன் எடுத்துத் தொழில் நடத்திய சிறு முதலாளிக்கு ஒரே வருடத்தில் வட்டி இரண்டு மூன்று மடங்கு. 2022-இல் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, 2023-இல் மேலும் 2.3.

சோதனை: 2023 ஜூலையில் பணவீக்கம் 6.3, செப்டெம்பரில் 1.3. இங்கே ஒரு குழப்பம் வரும். “பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்கள், பாணின் விலை இறங்கவில்லையே?” பணவீக்கம் என்பது ஏறும் வேகம். வேகம் நின்றால் விலை ஏறிய இடத்திலேயே நிற்கும். சம்பளம் அந்த உயரத்துக்கு ஏறாத வரை வீட்டுக் கணக்கில் நெருக்கடி முடியவில்லை. இது அரசாங்கத்தின் பொய்யும் அல்ல, மக்களின் அறியாமையும் அல்ல. இருவரும் வேறுவேறு அளவீட்டைப் படிக்கிறார்கள்.

அறிகுறி 4: பதின்மூன்று மணிநேர மின்வெட்டு

2022 மார்ச் 31-இல் நாளுக்கு 13 மணிநேரம். மழை குறைந்து நீர்த்தேக்கம் வற்றியதைக் காரணம் காட்டினார்கள். அது பாதிதான். நீர் குறைந்தால் டீசலிலும் உலை எண்ணெயிலும் ஓடும் நிலையங்கள் ஈடுசெய்ய வேண்டும். அவற்றுக்கு எண்ணெய் இல்லை. ஏன் இல்லை என்றால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

இதற்குள் ரூபாக் கோளாறும் ஒன்று ஒளிந்திருந்தது. மின் கட்டணம் 2014-க்குப் பிறகு 2022 ஓகஸ்ட் வரை மாற்றப்படவில்லை. மின்சார சபை உற்பத்திச் செலவுக்குக் கீழே விற்றது. எண்ணெய் வாங்கிய கடனைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கட்டவில்லை. கூட்டுத்தாபனம் இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் டொலர்க் கடன் எடுத்தது. நாலு அரச நிறுவனங்கள் ஒன்றின் கடனை மற்றது சுமக்க, கடைசியில் சேமிப்பு வைத்த பொதுமகனின் வங்கியில் வந்து நின்றது. கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. பிறகு மழை பெய்து செலவு குறைந்தபோது இறக்கினார்கள். இறக்க முடிந்ததே செலவுக்கேற்பக் கட்டணத்தை மாற்றும் சூத்திரம் வேலைசெய்தது என்பதற்கு அத்தாட்சி. எட்டு வருடம் ஏற்றாமல் இருந்ததைக் கருணை என்று இன்னும் நினைப்பவர்கள் அந்த இரண்டு உயர்வையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறிகுறி 5: வயலில் விளைச்சல் இல்லை, கடையில் அரிசி விலை இரட்டிப்பு

சோதிக்க அதிகம் இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தார்கள். சேதன, அதாவது இயற்கை உர, விவசாயம் என்பது அறிவித்த நோக்கம், டொலரை மிச்சம் பிடிப்பதும் அதன் உள்ளே இருந்தது. நவம்பரில் விலக்கினார்கள். பெரும்போக விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டது. விதைத்து சில வாரத்துக்குள் யூரியா போகாவிட்டால் பிறகு போட்டும் பயனில்லை. உரத்துக்கு மிச்சம் பிடித்த டொலரை அரிசி இறக்குமதிக்குச் செலவிட வேண்டி வந்தது. தேயிலை விளைச்சலும் அடிபட்டதால் வரவேண்டிய டொலரும் குறைந்தது. டொலர்ப் பக்கத்தைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை டொலர்ப் பக்கத்தையே வெட்டியதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

உடனடி நிவாரணமாக இந்தியாவின் கடன் வசதிகள் வந்தன: எரிபொருளுக்கு 500 மில்லியன் டொலர், அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒரு பில்லியன், வேறும். தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்து அனுப்பத் தீர்மானித்து, முதல் கப்பல் 2022 மே 18-இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. இவை நேரம் வாங்கித் தந்தன. பழுதைத் திருத்தவில்லை, திருத்தவென்று அனுப்பப்பட்டவையும் அல்ல.

அறிகுறி 6: நாடு கடனைக் கட்டவில்லை

2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. பலரும் இதையே நெருக்கடியின் தொடக்கமாக எடுக்கிறார்கள். உண்மையில் திருத்தத்தின் முதல் படி இதுதான், அதுவும் பிந்தி வந்தது. அதே வருடம் ஜனவரி 18-இல் முதிர்ந்த 500 மில்லியன் டொலர் முறியை, அதாவது கடன் பத்திரத்தை, முழுதாகக் கட்டினார்கள். ஒருபோதும் தவறாத நாடு என்ற பெயரைக் காக்க என்றார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பெயரும் போயிற்று, 500 மில்லியனும் போயிற்று. எரிபொருள் வாங்க அதுவே கையில் இருந்திருக்கும்.

கடன் யாருக்கு என்பதில் பிழையான நோயறிதல் பரவலாக உண்டு. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் காட்டிச் சீனப் பொறி என்பார்கள். சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சந்தையில் விற்ற சர்வதேச இறைமை முறிகள் மூன்றில் ஒன்றுக்கு மேல். 2007-இல் 500 மில்லியனில் தொடங்கிய அந்தப் பழக்கம் நிறுத்தத்தின்போது 12.55 பில்லியனில் நின்றது. வட்டி அதிகம், தவணை குறைவு, முதிரும்போது புதிய முறி விற்றுத்தான் பழையதைக் கட்ட முடியும். வரிக் குறைப்புக்குப் பிறகு 2020-இல் தரப்படுத்தல் நிறுவனங்கள் தரத்தை இறக்கியதும் அந்தக் கதவு மூடியது. ரூபாப் பழுது டொலர்ப் பழுதாக மாறிய சந்தி இதுதான்.

திருத்தும் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், தாண்ட முடியாது. சர்வதேச நாணய நிதியத்துடன் அலுவலர் மட்ட உடன்பாடு, 2022 செப்டெம்பர் 1. பிறகு கடன் கொடுத்த நாடுகள் ‘நாங்கள் விட்டுக்கொடுப்போம்’ என்று எழுத்தில் தர வேண்டும். இந்தியா 2023 ஜனவரியில் தந்தது, சீனாவின் கடிதம் மார்ச்சில்தான் வந்தது. மார்ச் 20-இல் நிதியத்தின் சபை ஏறத்தாழ 3 பில்லியன் டொலர், 48 மாதத் திட்டத்தை ஏற்றது. முதல் தவணை 333 மில்லியன் மட்டுமே. இந்தத் தொகையால் நாடு பிழைத்தது என்று எண்ணவேண்டாம். நாலு வருடத்துக்கு 3 பில்லியன் பெரிய பணமல்ல. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் திறக்கும், கடன்காரர் மேசைக்கு வருவார்கள். முறிதாரர்களின் பழைய முறிகளைப் புதியவற்றுக்கு மாற்றும் பரிமாற்றம் 2024 டிசம்பரில் முடிந்தது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 2023 ஜூன் இறுதியில் ஐந்து நாள் வங்கி விடுமுறைக்குள் வந்தது. சேமிப்பாளர் பயந்து வங்கிக்கு ஓடக்கூடாதென்று அந்த விடுமுறை. வங்கிகள் தப்பின. ஊழியர் சேமலாப நிதியம் தன் முறிகளை 2025 வரை 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் தரும் நீண்டகால முறிகளுக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் 14-க்குப் பதில் 30 சதவீத வரி. வங்கி உடைந்தால் எல்லாம் உடையும் என்ற வாதம் சரி. ஆனால் சந்தை வட்டி 30-ஐத் தொட்ட காலத்தில் தனியார்துறைத் தொழிலாளியின் ஓய்வுகாலப் பணம் 9-இல் பூட்டப்பட்டது என்பதும் சரி. 2019-இன் வரிச்சலுகையால் அதிகம் பயனடைந்தவர்களிடமிருந்து இதற்கு ஈடாக எதுவும் கேட்கப்படவில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு 2023-இல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்தது. அப்போது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நாலு படி. ஒருவர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு. முதற் பட்டியல் வந்தபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்ததிலிருந்து தெரிவின் தரத்தை ஊகிக்கலாம்.

திருத்தம் நிற்கிறதா என்று பார்க்க

ஒதுக்கு 2023 முடிவில் 4.4 பில்லியன், 2024 முடிவில் 6.1 பில்லியன் டொலர். 2024-இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது, அரச வருமானம் 13 சதவீதத்தைத் தாண்டியது. கடனைக் கட்டாமல் இருந்த காலத்தில் சேர்ந்த ஒதுக்கு இது என்பதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. இனி மாதாந்தம் மூன்றைச் சேர்த்துப் படியுங்கள்: வாகனத்துக்குப் போகும் டொலர், வங்கி வழிப் பணவனுப்பல், வங்கி வீதத்துக்கும் உண்டியல்காரர் வீதத்துக்கும் உள்ள இடைவெளி. மூன்றாவது விரியத் தொடங்கினால் மற்ற இரண்டும் இன்னும் நன்றாகத் தெரிந்தாலும் நம்பவேண்டாம். 2021-இலும் அதுதான் முதலில் அசைந்தது. அடுத்த கடினச் சோதனை 2028. அந்த வருடத்திலிருந்து நாடுகளிடம் வாங்கிய கடனில் அசலைத் திருப்பிக் கட்டுவது தொடங்குகிறது. புதிய முறிகளில் ஒரு பகுதி 2025 முதல் 2027 வரையிலான உற்பத்திச் சராசரியைப் பார்த்துக் கொடுப்பனவை மாற்றும், பொருளாதாரம் நன்றாக வளர்ந்திருந்தால் முறிதாரருக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2028-க்கான வரவுசெலவுத் திட்டம் வரும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் வருமான மதிப்பீடு. அதில் வற் விலக்குகளின் பட்டியல் நீண்டிருக்கிறதா, பதிவு எல்லை மேலே நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.